ஏழாவது குழந்தை வண்டி

அத்தியாயம் 9

"அலாரத்தை யார் நிறுத்துனது?" என்று கேட்டார் விபெக்கே.

"நான்தான்," என்றாள் போடில்.

துப்பறியும் தொழிலில் இப்படி ஒரு பதில் கிடைத்தால் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் மாட்டியும் விட்டேன். என் முதலாளி விபெக்கே ஸ்கோ மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஐம்பது வயதுக்குமேல் அவர் சுலபமான பதில்களை நம்புவதை நிறுத்திவிட்டார். கஷ்டமான பதில்களையும் நம்பமாட்டார். எங்களிடம் கேஸ்கள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"மால்தே, கோட்டைக் கழட்டு. போடில், நீ முதல்லேர்ந்து சொல்லும்மா."

கோபன்ஹேகன் நடுவில், பூங்காவுக்குள் இருக்கும் அந்தச் சின்ன அரண்மனைக்கு வருகிறவர்கள் நேராக நிலவறைக்குப் போய்விடுவார்கள். கிரீடங்கள் அங்கேதான். மாடியின் மூலை அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கழிப்பறையைத் தேடி வழி தவறியவர்கள். நாங்கள் இப்போது இருந்தது அந்த அறையில்தான். அதற்குக் காவலாளி போடில், விபெக்கேயின் கீழ்வீட்டுக்காரி. என்றோ செத்துப்போன இளவரசர்கள், இளவரசிகளின் குழந்தைப் பருவ ஓவியங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. அவற்றில் மிகச் சிறியது, தூங்கும் பெண் குழந்தை ஒன்றின் படம், சரியாக ஒரு பாக்கெட் நாவல் அளவு. அது இன்று காலை காணாமல் போயிருந்தது.

படம் இருந்த இடத்தில் இப்போது ஓர் அட்டை தொங்கியது: 'புகைப்படம் எடுப்பதற்காகக் கழற்றப்பட்டுள்ளது.' எழுதியது போடில்.

"மழை கொட்டிட்டு இருந்துச்சு மேடம். ஒரு ஆளு குழந்தை வண்டியோட வாசல்ல நின்னான். வண்டியெல்லாம் வெளியதான் விடணும், அது சட்டம். ஆனா மழைத்துணி கிழிஞ்சுபோச்சு, குழந்தை நனையும்னு சொன்னான். பாவமா இருந்துச்சு. லிஃப்டுல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்."

"சரி. அலாரம்?"

"படத்துக்கிட்ட ஒரு முழத்துக்குள்ள போனா அது கத்தும். தும்முனாக்கூடக் கத்தும். குழந்தை அப்பத்தான் கண் அசந்திருக்குன்னு சொன்னான்." போடில் தலையைக் குனிந்துகொண்டாள். "முழிச்சுக்கப் போகுதேன்னு சாவி போட்டு நிறுத்திட்டேன்."

விபெக்கே கண்ணை மூடித் திறந்தார். "அப்புறம்?"

"அடுத்த ரூம் ஜன்னல்லேர்ந்து காத்து அடிச்சுது. குழந்தைக்குச் சளி பிடிக்குமேன்னு அதைச் சாத்தப் போனேன்."

"சத்தம் போடாம நடந்துதான போனீங்க?" என்றேன் நான்.

"நுனிக்கால்ல."

திருடனுக்குக் கதவைத் திறந்து, அலாரத்தை அணைத்து, அறையைக் காலி செய்து கொடுத்து, நுனிக்காலிலும் நடந்திருக்கிறாள். இதற்குமேல் செய்ய வேண்டுமென்றால் ஆணியைப் பிடுங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் சிரிக்கவில்லை. அவள் இடத்தில் இந்த ஊரில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். தூங்கும் குழந்தை ஒன்றுக்காக ராஜாவே ஊர்வலத்தை நிறுத்தினாலும் இங்கே யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

"குழந்தையைப் பாத்தியா?" என்றார் விபெக்கே.

"கன்னம் மட்டும் தெரிஞ்சுது. பொம்மை மாதிரி இருந்துச்சு."

"மாதிரின்னு எதுக்குங்க சொல்றீங்க?" என்றேன்.

போடில் என்னைப் பார்த்தாள். புரிந்ததும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்வீடன்காரனா இருப்பான் மேடம்," என்றேன் அவளைத் தேற்றுவதற்காக. எங்கள் ஊரில் எது தொலைந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

"இல்ல. யுட்லாண்ட் பேச்சு, நம்ம நாட்டு மேற்குப் பக்கத்து ஆளு," என்றாள் போடில். "இழுத்து இழுத்துப் பேசுனான். நல்லா சிரிச்சான். ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம்."

"போலீஸுக்குச் சொல்லிடலாமே?" என்றார் விபெக்கே.

"சொல்லி? அலாரத்தை நிறுத்துனது யாருன்னு கேப்பாங்க. நான்னு சொல்லுவேன். குழந்தைக்காகன்னு சொன்னா, எந்தக் குழந்தைம்பாங்க." அவள் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "வேலை போனாக்கூடப் பரவால்ல மேடம். திருட்டுக்கு உடந்தைன்னு பேர் வந்துட்டா, அப்புறம் எந்த அரண்மனை, எந்த மியூசியத்துல என்னை உள்ள விடுவாங்க? லீவு நாள்லகூட நான் போறது அங்கதான். டிக்கெட் வாங்கிட்டுப் போனாலும் பின்னாடியே ஒருத்தன் வருவான்."

அரண்மனை இயக்குநர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். மாலை திரும்பியதும், கதவு சாத்துவதற்குமுன் ஒவ்வோர் அறையாக நடந்து பார்ப்பது அவர் வழக்கம். அதற்குள் படம் ஆணிக்குத் திரும்ப வேண்டும்.

விபெக்கே எழுந்தார். "பூங்காவுக்கு எத்தனை வாசல்?"

"ஒண்ணுதான் திறந்திருக்கு. மத்ததுல ரிப்பேர் வேலை."

"வா, மால்தே."

*

திறந்திருந்த வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்று, பூங்காவுக்குள் சைக்கிள் ஓட்டி வந்தவர்களுக்கு அபராதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோபன்ஹேகனில் கொலையைவிட இது அதிகம் கண்ணீர் வரவழைக்கும் விஷயம். பக்கத்தில் ஐஸ்கிரீம் வேன். ஓட்டுநர் ப்ரேபென், கூரைக்குக் கீழே தொங்கும் பித்தளை மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து குழந்தை வண்டி ஏதாவது வெளிய போச்சா?" என்று விபெக்கே கேட்டார்.

"உள்ள போனதுதான் எல்லாம். வெளிய ஒண்ணும் வரலீங்க."

விபெக்கே போலீஸ்காரர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவங்களைத் தாண்டிப் போக அவனுக்குப் பயம். அப்ப வண்டி இன்னும் உள்ளதான் இருக்கு. டேய், திருட்டுச் சாமானோட ஒரு குழந்தை வண்டியை இந்தப் பூங்காவுல எங்க ஒளிச்சு வைப்பே?"

"மத்த குழந்தை வண்டிங்க நடுவுல."

"காலேஜுல ஏதோ சொல்லித் தர்றாங்கதான் போல."

காலேஜில் சொல்லித் தந்தது கலை வரலாறு. ஆனால் பூங்காவின் காப்பிக் கடையைத் தெரியாதவன் கிடையாது. அதன் பின்சுவர் ஓரமாக, மழை விட்ட வெயிலில், குழந்தை வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் கறுப்பு. எல்லாம் பெரிய சக்கரம். எல்லாவற்றுக்கும் கூண்டுத்துணி இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே குழந்தைகள் தூங்கும். அப்பாக்கள் கடைக்குள் காப்பி குடிப்பார்கள். வேறு ஊர்க்காரர்கள் இதைப் பார்த்தால் மயக்கம் போடுவார்கள். எங்களுக்கு, வெளியே தூங்காத குழந்தைதான் கவலை.

"ஏழு வண்டி," என்றார் விபெக்கே. "உள்ள போய் அப்பாக்களை எண்ணிட்டு வா."

உள்ளே நீள மேசையைச் சுற்றி ஆறு அப்பாக்கள். ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றவர்களை நகராட்சி நர்ஸ் ஒன்றாகச் சேர்த்துவிடுவாள். அதன்பின் அவர்கள் வாராவாரம் ஊர் சுற்றுவார்கள். இன்று காலை எதிரிலிருந்த ஓவிய மியூசியம், இப்போது காப்பி, அடுத்தது அரண்மனை என்று திட்டம். ஒவ்வொருவர் முன்னாலும் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கருவி. வெளியே குழந்தை சிணுங்கினால் அது உள்ளே சிணுங்கும்.

நான் பக்கத்து மேசையில் ஓர் இலவங்கப்பட்டை ரொட்டியோடு உட்கார்ந்தேன்.

"என் பையன் அந்த நவீன ஓவியத்துக்கு முன்னாடி வாந்தி எடுத்துட்டான்," என்றார் ஒருவர். "அங்க இருந்த காவலாளி சொல்றாரு, இது வரைக்கும் வந்ததுல நேர்மையான விமர்சனம் இதுதானாம்."

"என்னோடது ராத்திரி பூராக் கத்துது. எஸ்பென்தான் கொடுத்து வச்சவன். அவன் பொண்ணு இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டா. இல்லப்பா எஸ்பென்?"

எஸ்பென் என்ற ஒல்லி மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையதைப் போல இல்லை. அவசரமாக முடிந்துவிட்டது.

வெளியே வந்தேன். "மேடம், ஆறு அப்பா, ஆறு கருவி. அதுல எஸ்பென்னு ஒருத்தர், அவரு பொண்ணு..."

"கதை வேண்டாம். ஆறா? நிச்சயமா?"

"ஆறு. ஆனா அந்தப் பொண்ணு வந்து..."

"அப்ப ஒரு வண்டி அதிகம். ஒண்ணுல பொம்மை படுத்திருக்கு. பொம்மைக்கு அடியில படம். எந்த வண்டின்னு பாரு."

சொல்வது சுலபம். நான் வேடிக்கை பார்ப்பவன்போல் நடந்து, மூன்றாவது வண்டியின் கூண்டுத்துணியை ஒரு விரலால் தூக்கினேன்.

"ஏய்!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. மீன் சாண்ட்விச்சை நீட்டி என்னைக் குறிபார்த்தாள். "யாரு வண்டிய்யா அது?"

"சும்மா, கொஞ்சலாம்னு..."

"உன் குழந்தையைப் பெத்துக் கொஞ்சு!"

புல்வெளியில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நாய் ஒன்றுகூட என்னை முறைத்தது. நான் பின்வாங்கினேன்.

"இவ்வளவு பத்திரமான லாக்கர் எந்த பாங்கிலயும் கிடையாது மேடம்," என்றேன். "பூட்டே இல்ல. ஊரே காவல்."

விபெக்கே வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சாவகாசப் புன்னகை அவர் முகத்தில் பரவியது. அந்தப் புன்னகை வந்த நாட்களில் எனக்கு ஓட்டம் நிச்சயம்.

"நாம ஏன் திறக்கணும்? அப்பாக்களே திறக்கட்டும். நிஜக் குழந்தைன்னா சத்தம் கேட்டா அழும். பொம்மை அழாது. எது சும்மா கிடக்கோ அதுதான் நம்ம வண்டி."

"சத்தத்துக்கு எங்க போறது?"

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

*

ப்ரேபென் சம்மதிப்பதற்காக ஒரு பெட்டி ஐஸ்கிரீம் வாங்க வேண்டியிருந்தது. பெட்டியைச் சுமந்தது நான். வேன் காப்பிக் கடையின் பின்பக்கம் ஊர்ந்து வந்து நின்றது. போலீஸ்காரர்கள் அந்நேரம் சாப்பிடப் போயிருந்தார்கள். எங்கள் போலீஸ் எதையும் ஒத்திப்போடும், மதிய உணவைத் தவிர.

ப்ரேபென் மணியை அடித்தார். சந்தோஷமான மனிதர், வேண்டியதைவிடப் பலமாக அடித்தார்.

முதலில் ஒரு வண்டி வீரிட்டது. அது அடுத்ததைக் கிளப்பியது. ஒரே மூச்சில் சுவரோரம் ஓர் இசைக் கச்சேரியே ஆரம்பமாகிவிட்டது. கடைக்கதவு படீரென்று திறந்து அப்பாக்கள் பாய்ந்து வந்தார்கள். "எவன்டா அவன் மணி அடிச்சது!" "என் வண்டி எங்க?" "அது என்னோடதுய்யா, தள்ளு!" வண்டிகளை இழுத்தார்கள், இடித்தார்கள், திருப்பினார்கள். ஆளுக்கொரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தார்கள்.

விபெக்கே என் கையைப் பிடித்தார். "எண்ணு."

எண்ணினேன். தோளில் அழும் குழந்தைகள் ஐந்து. யாரும் திறக்காமல் சும்மா நிற்கும் வண்டிகள் இரண்டு.

"ரெண்டா?" என்றார் விபெக்கே.

"ரெண்டு திருடனோ?"

"வாயை மூடு."

அப்போது எதிர் மரத்தடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவன் எழுந்தான். மழைக் கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டிருந்தான், முகம் தெரியவில்லை. கண்டவர்கள் கண்ட வண்டியைத் திறப்பதைப் பார்த்துப் பதறியிருக்க வேண்டும். வேகமாக வந்தான், ஒரு கணம் நின்று காது கொடுத்துக் கேட்டான், யாரும் திறக்காத, சத்தம் வராத வண்டிகளில் கைக்கு எட்டியதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு புறப்பட்டான்.

"ஆளே வந்துட்டான் மேடம்! பிடிச்சுடலாமா?"

"பிடிச்சு? 'உங்க குழந்தையைக் காட்டுங்க'ன்னு கேப்பியா? சாண்ட்விச்காரி உன்னைக் கொன்னுடுவா. வாசல் தாண்டட்டும். பின்னாடியே போ."

போனோம். முன்னால் அவன், பின்னால் விபெக்கே, அதற்கும் பின்னால் உருகும் ஐஸ்கிரீம் பெட்டியோடு நான். பார்த்தவர்கள் ஒரு பிறந்த நாள் ஊர்வலம் என்று நினைத்திருக்கலாம். வழியில் எல்லோரும் அவனுக்கு ஒதுங்கி நின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக்கூடத் தூக்கினார். குழந்தை வண்டி தள்ளுகிறவனுக்கு இந்த ஊரில் கிடைக்கும் மரியாதை நிலவறைக் கிரீடங்களுக்குக்கூடக் கிடையாது.

வாசலைத் தாண்டினான். தெருவைக் கடந்தான். எதிரே மெட்ரோ லிஃப்ட்.

"இப்ப," என்றார் விபெக்கே.

அந்த 'இப்ப' முடிவதற்குள் எங்களுக்குப் பின்னால், பூங்காவிலிருந்து ஒரு குரல் கேட்டது. குழந்தையினுடையது இல்லை. வளர்ந்த ஆண் ஒருவன் அப்படி அலறி நான் அதுவரை கேட்டதில்லை.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

நாங்கள் மறுபடி முன்னால் பார்த்தபோது லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் ஓடினேன். கீழே பிளாட்பாரத்தில் ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. இன்னொன்று வந்து நின்றது. அதிலிருந்து கறுப்புக் குழந்தை வண்டிகள் இறங்கின. கறுப்புக் குழந்தை வண்டிகள் ஏறின. மழைக் கோட்டு போட்ட ஆண்கள் தள்ளினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நடந்தார்கள், ஒரே மாதிரி களைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு கூண்டுத்துணியாக எட்டிப் பார்த்தேன். "ஏய்!" என்றார்கள். "ஏய்!" "யாருய்யா நீ!" கதவுகள் மூடின. ரயில் போய்விட்டது.

*

நான் பூங்காவுக்குத் திரும்பியபோது அப்பாக்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் எஸ்பென். அவர் கையில் ஒரு பொம்மை. கன்னம் சிவந்த, கண்ணை விழித்துக்கொண்டு சிரிக்கும் பிளாஸ்டிக் பொம்மை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், தலை தொங்கிவிடாதபடி கழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"ஆஸ்தா எங்க?" என்று எல்லோரையும் கேட்டார். "என் ஆஸ்தா எங்க?"

"எஸ்பென்," விபெக்கேயின் குரல் காற்றுப்போன மாதிரி வந்தது. "உங்க குழந்தை மணிச் சத்தத்துக்கு ஏன் அழலை?"

"அவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலேர்ந்தே." அவர் அதைப் பலமுறை சொல்லிப் பழகியவர்போலத்தான் சொன்னார். "அதனாலதான் அவசரமா வரலை. எல்லாருக்கும் ரெண்டாவது காப்பி வாங்கி வச்சிருந்தேன்."

விபெக்கே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் எதுவும் சொல்லியிருக்கமாட்டேன். இடி விழுந்தாலும் எழாத பெண்ணைப் பற்றிச் சொல்ல நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் அவர் மூடினார். இது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சத்தம் வராத வண்டிதான் பொம்மை வண்டி என்று நாங்கள் நினைத்தோம். திருடனும் அப்படியே நினைத்திருக்கிறான். எங்கள் சாமர்த்தியமும் அவன் சாமர்த்தியமும் ஒரே அளவு. அவன் இப்போது ஏதோ ஒரு ரயிலில், படம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, காது கேளாத ஒரு குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

அப்படியானால் படம்?

விபெக்கே எஸ்பென் பக்கத்தில் நின்ற வண்டியின் மெத்தையைத் தூக்கினார். அடியில் ஒரு குழந்தைத் துண்டு. துண்டுக்குள் பாக்கெட் நாவல் அளவில், கண் மூடித் தூங்கும் இளவரசி. ஒரு கீறல் இல்லை.

காலை முதல் தேடியது என் கையில் வந்தது. அதைவிடக் கனமான எதையும் நான் இந்தப் பூங்காவில் தூக்கியதில்லை, அந்த ஐஸ்கிரீம் பெட்டி உட்பட.

அலறல் கேட்டு போடில் அரண்மனையிலிருந்து ஓடி வந்திருந்தாள். விபெக்கே அவளை மரத்துக்குப் பின்னால் இழுத்தார். எஸ்பென் யாரிடமோ போனை வாங்கிப் போலீஸை அழைத்துக்கொண்டிருந்தார். "ஆளு எப்படி இருந்தான்னு கேக்கறாங்க," என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "யாராச்சும் முகத்தைப் பாத்தீங்களா?" யாரும் பார்த்திருக்கவில்லை. குழந்தை வண்டியைத் தள்ளுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"கேளும்மா," என்றார் விபெக்கே தாழ்ந்த குரலில். "படம் கிடைச்சாச்சு. மால்தே இதைக் கோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டு வருவான். நீ ஆணியில மாட்டிடு. அந்த ஆளோட அடையாளத்தை என்கிட்ட சொல்லு. நான் பாத்ததா போலீஸ்ல சொல்லிடறேன். உன் பேரே வராது."

போடில் அவரையே பார்த்தாள். "எந்தப் புருவத்துல தழும்பு மேடம்?"

"என்னது?"

"அவனுக்கு ஒரு புருவத்துல தழும்பு இருக்கு. எந்தப் புருவம்?"

"நீ சொன்னா நான்..."

"சிரிச்சா எந்தப் பல்லு தெரியும்? என்ன நிறக் கண்ணு? அவங்க நூறு போட்டோ காட்டுவாங்க. நீங்க எதைத் தொடுவீங்க?"

விபெக்கே எஸ்பென் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அலாரத்தை நிறுத்துனதை மட்டுமாவது மறைச்சிடலாம்," என்றேன். "அது தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

"ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மத்ததையும் நம்பமாட்டாங்க மால்தே. அந்தக் குழந்தை அழுதா அது குரல் அதுக்கே கேக்காது." அவள் என் கையிலிருந்த படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் எஸ்பென் முன்னால் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க."

அவர் கொடுத்தார்.

"என் பேரு போடில் லுண்ட். அரண்மனைக் காவலாளி. அந்த ஆளை எனக்குத் தெரியும். காலையில நான்தான் அலாரத்தை நிறுத்தி அவனை உள்ள விட்டேன். எழுதிக்குங்க. சிவப்புத் தாடி. இடது புருவத்துல குறுக்குத் தழும்பு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி..."

*

அந்த அடையாளம் வானொலியில் போன சிறிது நேரத்திலேயே அடுத்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரொட்டிக் கடைக்காரி போன் செய்தாள். முன்பல் இடைவெளி விட்ட சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் அவள் கடை வாசலில் ஒரு குழந்தை வண்டியை நிறுத்தியிருக்கிறான். கதவைத் திறந்து அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் ஓடிவிட்டான். அடையாளத்தைக் கேட்டிராவிட்டால் அவள் கடை சாத்தும்வரை அந்த வண்டிப் பக்கம் போயிருக்கமாட்டாள். வேறு யாரும்தான் போயிருக்கமாட்டார்கள்.

வண்டி நிழலில் நின்றிருந்தது. பிரேக் போட்டிருந்தது. வெயில் படாதபடி கூண்டுத்துணி சரியாக இழுத்துவிடப்பட்டிருந்தது. திருடன்தான். ஆனாலும் ஸ்வீடன்காரன் இல்லை.

மாலை அரண்மனையில் எல்லோரும் மூலை அறைக்கு வந்து சேர்ந்தோம். வாக்குமூலம் எழுதிய போலீஸ்காரர்கள் சம்பவ இடம் பார்க்க வேண்டும் என்றார்கள். எஸ்பென் ஆஸ்தாவைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். போடில் சாவிக் கொத்தை இயக்குநரின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். நாளை வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்றால், 'எப்போது வரட்டும்' என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கீழே போலீஸ் வண்டி காத்திருந்தது. ஸ்டேஷனிலும் அவளை விசாரிக்க வேண்டுமாம்.

"நான் கூட வரேன்," என்றார் விபெக்கே அவளிடம்.

"வந்து என்ன பண்ணுவீங்க மேடம்?"

"தெரியலைம்மா."

போடில் தலையாட்டினாள். அந்தப் பதிலில் அவளுக்குக் கோபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இயக்குநர் அட்டையைக் கழற்றிவிட்டுப் படத்தை ஆணியில் மாட்டினார். சாவியைத் திருப்பி அலாரத்தை உயிர்ப்பித்தார். படம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓர் அடி முன்னால் குனிந்தார்.

அலாரம் வீரிட்டது.

மேற்கூரை அதிர்ந்தது. போலீஸ்காரர்கள் காதைப் பொத்தினார்கள். இயக்குநர் பதறிப்போய் கொத்தில் எந்தச் சாவி என்று துழாவினார். போடிலின் கண் உடனே குழந்தையிடம் போனது. கை தானாக இடுப்புக்குப் போய், சாவிக் கொத்து தொங்கும் வளையத்தைத் தடவியது. வளையம் காலி. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

எஸ்பென் தோளில் ஆஸ்தா தூங்கிக்கொண்டிருந்தாள்.